முட்டைக்கு யார் விலை சொல்வது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, அரைமணி நேரம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். கோழிப்பண்ணையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீ மெக்கானிக்கல்தானே படிச்சே?" என்று கேட்டார். ஆமாங்க, மெக்கானிக்கல்தான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நாமக்கல், பல்லடம் பக்கம் கோழி ஷெட்டுகளுக்கு மின்விசிறி, தீவன லைன், கூண்டு அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி. சித்திரை மாசம் வெளியே வெயில் 40 டிகிரி அடிக்கும்போது உள்ளே இருக்கிற ஐயாயிரம் கோழியையும் மாலை வரைக்கும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். வெப்ப இயக்கவியல் பாடம் எடுத்த சார் முன்வரிசையில் இருக்கிறார். சார், நீங்கள் நடத்தியது அத்தனையும் எனக்குக் கோழிதான் விளங்க வைத்தது.

ஆனால் இன்றைக்கு மின்விசிறியைப் பற்றிப் பேச வரவில்லை. ஷெட்டு ஷெட்டாக ஏறி இறங்கியதில் என் மனசில் தங்கிப்போன ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே தமிழ்நாட்டில், மூன்று மணி நேர பஸ் பயணத்துக்குள், இரண்டு விதமான பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள். நாமக்கல் பண்ணைக்காரரைக் கேட்டால், "இன்னிக்கு எங்க ரேட் இது" என்பார். பல்லடம் பண்ணைக்காரரைக் கேட்டால், "இந்த பேட்ச்சுக்குக் கூலி எவ்வளவு வருதுன்னு பார்க்கணும்" என்பார். ஒருவர் ரேட் என்கிறார், இன்னொருவர் கூலி என்கிறார். இந்த வித்தியாசம் எப்படி வந்தது, அதில் சங்கங்களுக்கு என்ன பங்கு என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கோழியின் வம்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கோழிக்கு மூதாதை, ஆசியக் காடுகளில் இன்றும் திரிகிற சிவப்புக் காட்டுக்கோழி. வெள்ளை முட்டை போடுகிற பண்ணைக்கோழி வொயிட் லெக்ஹார்ன் வழி வந்தது. இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுகத்துப் பெயர் ஆங்கிலேயர் வாயில் பட்டு லெக்ஹார்ன் ஆகிவிட்டது. கறிக்கோழிக்கு, அதாவது பிராய்லருக்கு, அப்பன் வழி கார்னிஷ். இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் உருவான இந்த இனத்துக்கு அங்கே வைத்த பெயர் 'இந்தியன் கேம்'. ஏன் தெரியுங்களா? நம் நாட்டு அசில் சண்டைக்கோழியைக் கொண்டுபோய் இணைத்துத்தான் அந்த அகலமான நெஞ்சை வரவழைத்தார்கள். நம்ம ஊர் சண்டைச்சேவலின் ரத்தம் சீமைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போய், பிராய்லராகத் திரும்பி வந்து நாற்பது நாளில் நம் இலையில் விழுகிறது. சேவல் கட்டுப் பிரியர்கள் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள்.

நம் பக்கம் கோழி என்பது ரொம்ப காலம் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக் காசு. கூடையில் கவிழ்த்து வைப்பார்கள், சந்தைக்குக் கொண்டு போவார்கள், அவ்வளவுதான். சுதந்திரத்துக்கு முன்பே காட்பாடியில் ஆற்காடு மிஷன் நடத்திய விவசாயப் பள்ளி போன்ற இடங்களில் வெளிநாட்டுச் சேவலை நாட்டுப் பெட்டையோடு சேர்த்து நல்ல இனம் உண்டாக்கப் பார்த்தார்கள். ஆனால் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் ஊரே காலி. 1920களின் கடைசியில் இந்தியாவில் அந்த நோயைக் கண்டறிந்த இடம் இமயமலைப் பக்கம் ராணிக்கேத். அதனால் நோய்க்கே ராணிக்கேத் என்று பெயர் நின்றுவிட்டது. அதற்குத் தடுப்பூசி வந்த பிறகுதான் கோழியை ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் வைக்கிற தைரியம் யாருக்கும் வந்தது.

இனி நாமக்கல். அங்கே ஏன் இவ்வளவு பண்ணை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குப் படுவது இது. அது வானம் பார்த்த பூமி. கிணறு வற்றினால் தோட்டம் போச்சு. நெல்லும் கரும்பும் ஏராளமாக விளைகிற ஊராக இருந்தால் யாரும் கோழி பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். கோழிக்குக் குடிதண்ணீர் போதும், பாசனத் தண்ணீர் வேண்டாம். ஈரப்பதம் குறைவான காற்று கோழிக்கு நல்லது. கூளம் காய்ந்தே கிடக்கும், சளி நோய் குறையும். இரண்டாவது, லாரி. லாரிக்கு பாடி கட்டுவதில் பெயர் போன ஊர் நாமக்கல். வண்டியும் டிரைவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் முட்டையைக் கேரளாவுக்கும் பெங்களூருக்கும் ராத்திரியோடு ராத்திரியாகச் சேர்க்க முடிந்தது. மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறது, சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிறது. தீவனம் விளையாத ஊர் முட்டைக்குத் தலைநகரம் ஆனது லாரியினால்தான் என்பது என் கட்சி. 1985இல் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது, அதுவும் பெரிய பலம். அப்போது நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997இல்.

என் பெரியப்பா ஒருவர் அந்தப் பக்கம் ஆழ்கூள முறையில் இரண்டாயிரம் கோழி வைத்திருந்தார். 1982க்கு முந்தின கதையை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். முட்டைக்கு விலை சொல்வது அன்றைக்குப் பண்ணைக்காரர் வேலை இல்லை. மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, டில்லி போன்ற பெரிய ஊர்களில் இருந்த மொத்த வியாபாரிகள்தான் விலை வைப்பார்கள். லோடு போய்ச் சேர்ந்த பிறகு, "மார்க்கெட் இறங்கிடுச்சுங்க" என்று தகவல் வரும். உண்மையிலேயே இறங்கியதா என்று பார்க்க டிரங்க் கால் போட்டுவிட்டுத் தபால் ஆபீஸ் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். இணைப்புக் கிடைத்தாலும் மறுமுனையில் பேசுவது அதே வியாபாரியின் ஆள்தான்! உடைசல் கழிவு வேறு. "நான் போட்ட முட்டைக்கு நான் விலை கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்பார் பெரியப்பா. 'நான் போட்ட முட்டை' என்று அவர் சொல்லும்போது பெரியம்மா சிரிப்பார்.

தம்பிகளா, இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். நீங்கள் வைக்கப்போகிற எந்த இயந்திரத்துக்கும் ஆஃப் ஸ்விட்ச் இருக்கும். கோழிக்கு அது கிடையாது. ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் சாப்பிடுகிறது. இருபது வாரத்தில் முட்டைக்கு வருகிறது. அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு மேல் நாள் தவறாமல் என்றே சொல்லலாம், போட்டுக்கொண்டே இருக்கும். 50,000 கோழி உள்ள பண்ணை என்றால் தினமும் ஐந்தரை டன் தீவனம். நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் முட்டை விழுந்தால் 45,000 முட்டை. 30 முட்டை பிடிக்கிற டிரேயில் அடுக்கினால் 1,500 டிரே. இன்றைக்கு விலை இல்லை என்று நிறுத்தி வைக்க முடியாது, நாளைக்கு இன்னொரு 1,500 டிரே வந்து நிற்கும். மூன்றாம் நாள் அடுக்க இடம் இருக்காது. இது பண்ணைக்காரருக்குத் தெரியும். பண்ணைக்காரருக்குத் தெரியும் என்பது வியாபாரிக்கும் தெரியும். பேரம் அங்கேயே முடிந்துவிட்டது.

1980களின் தொடக்கத்தில் விலை அடக்கத்துக்கும் கீழே போய், நாடு முழுக்கப் பண்ணைகள் மூட ஆரம்பித்தன. அந்த நேரத்தில்தான் டாக்டர் பி.வி. ராவ் என்பவர் முன்னே வருகிறார். ஆந்திராக்காரர். 1971இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் என்ற குஞ்சு பொரிப்பகத்தைத் தொடங்கியவர். அமெரிக்காவின் பேப்காக் இனத்திலிருந்து வந்த பி.வி.300 என்ற கோழிதான் பிற்பாடு நம் பண்ணைகளில் பெரும்பாலும் நிறைந்தது. அவரும் சில பண்ணையாளர்களும் ஊர் ஊராகப் போனார்கள். 300க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடத்தினார்கள். 1982 மே மாதம் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாம் சுருக்கமாக என்.இ.சி.சி. என்கிறோமே, அது பிறந்தது. 'என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை' என்பது அவர்கள் முழக்கம்.

ஒரு குஞ்சுக் கம்பெனி முதலாளி எதற்காகப் பண்ணைக்காரர்களுக்குச் சங்கம் வைக்கணும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பண்ணை மூடினால் குஞ்சு யாருக்கு விற்பார்? அவருடைய லாபமும் பண்ணைக்காரரின் பிழைப்பும் அன்றைக்கு ஒரே பக்கம் நின்றன. அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் என்றைக்கும் ஒரே பக்கம்தான் நிற்கும் என்று எண்ணிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

அவர்கள் செய்த காரியம் கேட்பதற்கு ரொம்பச் சாதாரணம். ஒவ்வொரு மண்டலத்திலும் பண்ணையாளர்கள் கூடி, கையிருப்பு எவ்வளவு, எந்த ஊரில் தேவை எப்படி, பக்கத்து மண்டலம் என்ன விலை சொல்கிறது என்று பார்த்து, நூறு முட்டைக்கு இவ்வளவு என்று தாங்களே அறிவித்தார்கள். விலை பிறக்கிற இடம் நகரத்து மண்டியிலிருந்து பண்ணைப் பக்கம் நகர்ந்தது. முட்டை தேங்கினால் வாங்கி வைத்து விலையைத் தாங்குவதற்கு அக்ரோகார்பெக்ஸ் என்று ஒரு நிறுவனமும் உண்டாக்கினார்கள். ஒரு முட்டைக்கு இத்தனை பைசா என்று சேர்த்து விளம்பரம் செய்தார்கள். ஞாயிறானாலும் திங்களானாலும் தினமும் முட்டை சாப்பிடு என்று இந்தியில் டி.வி.யில் வந்த விளம்பரத்தை இங்கே இருக்கிற அண்ணன்மார்கள் பாடியே காட்டுவார்கள். பேப்பரில் வருகிற 'நாமக்கல் முட்டை விலை' என்ற சின்னப் பெட்டிச் செய்தி இந்த ஏற்பாட்டின் மிச்சம்தான். அந்த விலை யாரையும் கட்டாயப்படுத்தாது. அது பரிந்துரை விலை மட்டுமே என்று அந்தக் குழுவே சொல்கிறது. சட்டப்படி அப்படித்தான் சொல்ல முடியும். ஆனாலும் கேரளாவில் ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் விலை வைக்கிறார்.

இந்த இடத்தில் கை தட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் கதையில் அடுத்த அத்தியாயம் இருக்கிறது, அதன் பெயர் 'மைனஸ்'.

நாமக்கல்லில் யாரையாவது பிடித்து, "இன்னிக்கு விலை என்னங்க?" என்று கேளுங்கள். ஒரு எண் சொல்வார். "மைனஸ் எவ்வளவு?" என்று அடுத்து கேட்டுப் பாருங்கள். ஆள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், விவரம் தெரிந்தவர் போல இருக்கு என்று. அறிவித்த விலையில் முட்டைக்கு இத்தனை பைசா கழித்துக்கொண்டுதான் வியாபாரி லோடு ஏற்றுவார். அந்தக் கழிவுதான் மைனஸ். தேக்கம் கூடினால் மைனஸ் கூடும். ஆக, பேப்பரில் ஒரு விலை, சீட்டில் ஒரு விலை. முன்னே நான் சொன்ன 50,000 கோழிப் பண்ணைக்கே போவோம். மைனஸ் 30 பைசா என்றால் 45,000 முட்டைக்கு நாளொன்றுக்கு 13,500 ரூபாய். மாசத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல். இது சில மாசங்களில் லாபம் முழுவதையும் தின்றுவிடும்.

வியாபாரி கெட்டவர் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. அவருக்கும் வண்டி வாடகை, உடைசல், கடன் வசூல் எல்லாம் இருக்கிறது. விஷயம் எங்கே என்றால், அறிவிப்பு விலையைக் குறைக்க சங்கத்துக்கு மனசு வராது. குறைத்தால் கர்நாடகத்து ஹொஸ்பேட்டும் ஆந்திராவும் இன்னும் குறைப்பார்கள், கடைக்காரர்களும் உடனே குறைத்துக் கேட்பார்கள். அறிவிப்பு விலை மேலேயே நிற்கும். உண்மை விலை அதற்கடியில் பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளத்தில் முதலில் விழுகிறவர் சின்னப் பண்ணைக்காரர். லட்சக்கணக்கில் கோழி வைத்திருப்பவரிடம் சொந்தத் தீவன ஆலை, சொந்த லாரி, நாலைந்து நாள் முட்டையை அடுக்க கிடங்கு எல்லாம் இருக்கிறது. அவர் மைனஸைப் பேசிக் குறைப்பார். பத்தாயிரம் கோழிக்காரர் திங்கட்கிழமை தீவனத்துக்குப் பணம் கட்ட வேண்டியவர். சொன்ன மைனஸுக்குத் தலையாட்டுவார். மைனஸே கூடாது என்று எத்தனையோ கூட்டம் போட்டாயிற்று. மைனஸ் எவ்வளவு என்பதை நிர்ணயிக்கவே ஒரு ஏற்பாடு செய்து பார்த்தார்கள். அது வேறு வேறு உருவத்தில் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. என்னைக் கேட்டால், தீர்மானம் போட்டு மைனஸை ஒழிக்க முடியாது. நாலு சின்னப் பண்ணை சேர்ந்து ஒரு குளிர்கிடங்கும் ஒரு தரம் பிரிக்கிற இயந்திரமும் பொதுவில் வைத்துக்கொண்டால் முட்டையைப் பத்து நாள் நிறுத்திப் பேச முடியும். நிறுத்திப் பேச முடிகிறவருக்குத்தான் மைனஸ் குறையும்.

சங்கங்கள் வேறு வேலையும் நிறையச் செய்திருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். 1989இல் தமிழ்நாட்டில் சத்துணவோடு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். 1998இல் அது வாரம் ஒன்று ஆனது. இப்போது வாரத்தில் பள்ளி நடக்கிற ஐந்து நாளும் முட்டை. நிலையான ஒரு கொள்முதல் பண்ணைத் தொழிலுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நம்மில் எத்தனை பேர் அந்த முட்டையைச் சாப்பிட்டு இந்தக் கல்லூரிக்கு வந்தவர்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லில் நோயே இல்லை. ஆனாலும் முட்டையைத் தொட ஆள் இல்லை, விலை அதலபாதாளம். 2014இல் குட்டநாட்டு வாத்துகளுக்கு வந்தபோது கேரளா பக்கம் லோடு தடுமாறியது. 2020இல் கொரோனா வந்த புதிதில் கோழியால் பரவுகிறது என்று செல்போனில் எவனோ கிளப்பிவிட்ட வதந்திக்கு, இரண்டு மூன்று வாரத்தில் எத்தனையோ குடும்பம் நொடித்துப் போனது. இந்த மாதிரி நேரத்தில் தனிப் பண்ணைக்காரர் வாயே திறக்க முடியாது. வங்கிக் கடனுக்குத் தவணை கேட்பது, டாக்டர்களைக் கூப்பிட்டு விளக்கம் சொல்ல வைப்பது, பொது இடத்தில் முட்டை அவித்துக் கொடுத்து நாமே முன்னால் சாப்பிட்டுக் காட்டுவது, இதெல்லாம் சங்கம் இருந்ததால் நடந்தது.

இனி பல்லடம் போவோம்.

பல்லடம், உடுமலை பக்கம் கறிக்கோழி. 1984இல் உடுமலைப்பேட்டையில் சௌந்தரராஜன், சுந்தரராஜன் சகோதரர்கள் சுகுணாவைத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்த வளர்ப்பு என்ற முறை அங்கே வேர் பிடித்தது. பிறகு பல கம்பெனிகள் வந்தன. முறை இதுதான்: குஞ்சு, தீவனம், மருந்து, டாக்டர் எல்லாம் கம்பெனி கொடுக்கும். இடம், ஷெட், கரண்ட், தண்ணீர், கூளத்துக்குத் தென்னை நார்த்தூள், ஆள் எல்லாம் விவசாயி பொறுப்பு. நாற்பது நாள் வாக்கில் கோழி இரண்டு கிலோ வந்ததும் கம்பெனி லாரி வந்து பிடித்துக்கொண்டு போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

இது அமெரிக்காவில் பிறந்த ஏற்பாடு என்று சொல்வார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் கெயின்ஸ்வில் என்ற ஊர். ஜெஸ்ஸி ஜுவல் என்ற தீவனக் கடைக்காரர் 1930களில், பஞ்சத்தில் கிடந்த விவசாயிகளுக்குக் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தானே எடுத்துக்கொண்டார். அது வளர்ந்து குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, அறுப்பு ஆலை எல்லாம் ஒரே கைக்குள் வந்தது. அந்த ஊருக்கு உலகக் கோழித் தலைநகரம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பல்லடத்துக்காரருக்கு இதைச் சொல்லித்தர ஜார்ஜியாவிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. தறி இருக்கிற ஊர் அது. ஜவுளிக்காரர் பாவும் நூலும் கொடுப்பார், தறிக்காரர் சொந்தத் தறியில் ஓட்டி மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். கூலிக்கு நெசவு போட்டுப் பழகிய ஊரில் கூலிக்குக் கோழி வளர்க்க யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். விலை விழுந்தால் விவசாயி கடனில் மூழ்க மாட்டார். கறிக்கோழி விலை ஒரே வாரத்தில் பாதியாகும் சரக்கு. அந்த அடியைக் கம்பெனி தாங்குகிறது. கையில் மூலதனம் இல்லாதவர் ஒரு ஷெட் போட்டுவிட்டு ஊரோடு இருந்து பிழைக்க முடிகிறது. பல வீடுகளில் பிள்ளைகள் படித்தது இந்தக் கூலியில்தான்.

ஆனால் இங்கே சங்கம் என்றால் என்ன? பல்லடத்திலும் ஒருங்கிணைப்புக் குழு உண்டு, பி.சி.சி. என்பார்கள். பண்ணைக் கொள்முதல் விலையை அது அறிவிக்கிறது. அந்த விலை, கோழிக்குச் சொந்தக்காரரான கம்பெனிகளுக்கும் அதை வாங்குகிற வியாபாரிகளுக்கும் உள்ள விஷயம். வளர்த்தவர் கணக்கில் அந்த விலை நேராக வராது. வளர்ப்பவர்கள் தனியாகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது கூலி உயர்வு. தறிக்காரர்கள் கேட்கிற அதே மாதிரி, அதே மாதிரி மனு, அதே மாதிரி முத்தரப்புப் பேச்சு, அதே மாதிரி "குஞ்சு இறக்க மாட்டோம்" என்ற போராட்டம். கூலி கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினால் ஐயாயிரம் கோழி ஷெட்டுக்கு ஒரு பேட்ச்சில் சுமார் பத்தாயிரம் ரூபாய். கரண்ட் பில்லும் நார்த்தூள் விலையும் ஆள் கூலியும் ஏறிய வேகத்துக்கு அந்த ஒரு ரூபாய் எளிதில் ஏறுவதில்லை. நாமக்கல்காரர் தன் முட்டையை இரண்டு நாளாவது நிறுத்தி வைத்துப் பேசலாம். பல்லடத்துக்காரர் எதை நிறுத்துவார்? கோழி அவருடையது இல்லை. காலி ஷெட்டைத்தான் காட்ட முடியும். காலி ஷெட்டுக்கும் பேங்க் தவணை உண்டு.

கூலி வெறும் எடையில் மட்டும் நிற்பதில்லை. ஒரு கிலோ கறிக்கு எத்தனை கிலோ தீவனம் செலவானது என்ற விகிதம் ஒன்று இருக்கிறது, எஃப்.சி.ஆர். என்று ஷெட்டில் வேலை செய்கிற பெரியம்மாகூடச் சொல்வார். 1.6க்குள் வந்தால் சந்தோஷம். கூடினால் கூலியில் பிடித்தம். இங்கேதான் எனக்குப் பொறியாளன் என்ற முறையில் உறுத்துகிறது. அந்த விகிதத்துக்கு இரண்டே அளவு வேண்டும்: உள்ளே போன தீவனம், வெளியே போன எடை. தீவனம் கம்பெனி மூட்டைக் கணக்கு. எடை, கம்பெனி லாரியோடு வருகிற தராசு. குஞ்சு முதல் நாளே சோகையாக வந்ததா, தீவனத்தில் தரம் குறைந்ததா, இல்லை விவசாயி வெயிலில் விசிறி போடாமல் விட்டாரா, இதைப் பிரித்துச் சொல்ல விவசாயி கையில் ஒரு காகிதமும் இருக்காது. ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒழுங்காகத்தான் எடை போடுகிறார்கள். ஆனால் அளப்பவர் ஒரு தரப்பு, அளவுக்குக் கட்டுப்படுபவர் இன்னொரு தரப்பு என்றால் சந்தேகம் தீரவே தீராது. ஆய்வுக்கூடத்தில் நாம் ஒருவர் எடுத்த ரீடிங்கை இன்னொருவர் சரிபார்க்காமல் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக் கிடைத்ததா?

இப்போது குளிரூட்டிய மூடிய ஷெட்டுகள் வந்துவிட்டன. ஒரு பக்கம் ஈர அட்டை, மறுபக்கம் பெரிய பெரிய விசிறி, நடுவில் கன்ட்ரோலர். வெப்பம், ஈரப்பதம், அம்மோனியா, தண்ணீர்க் குடிப்பு எல்லாம் சென்சாரில் பதிவாகிறது. நானே மாட்டிக் கொடுத்திருக்கிறேன். பல இடங்களில் அந்த எண்கள் நேராகக் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகின்றன. கடன் வாங்கி ஷெட் போட்ட விவசாயியின் செல்போனில் அபாய மணி மட்டும் அடிக்கும். மூணு மாசத்துக்கு முந்தின ரீடிங்கைக் காட்டு என்றால் அவரால் காட்ட முடியாது. 1982இல் பெரியப்பாவிடம் விலை இல்லாமல் இருந்தது. இன்றைக்கு இவரிடம் எண் இல்லாமல் இருக்கிறது. வளர்ப்போர் சங்கங்கள் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்கிற அதே மனுவில், எங்கள் ஷெட்டின் எண்கள் எங்களுக்கும் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இதை நான் சில சங்கக் கூட்டங்களிலேயே சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். இளவட்டங்கள் வந்து செல்போன் நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள்.

நாமக்கல் பக்கமும் பொறியியல் வேலை காத்துக்கிடக்கிறது. கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. நீங்கள் எழுதுகிற ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். அதைவிடச் சின்ன இடத்தில் ஒரு உயிர் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்கிறது என்பதைக் கோழித் தொழிலில் சோறு தின்கிற நானும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பழைய கூண்டுகளை மாற்ற அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பண்ணைகள் சமாளித்துக்கொள்ளும். சின்னப் பண்ணைக்காரர் கூண்டை மாற்றினால் அதே ஷெட்டில் கோழி எண்ணிக்கை குறையலாம், கடன் கூடும். மலிவாக, ஏற்கெனவே இருக்கிற இரும்புச் சட்டத்திலேயே மாற்றி அமைக்கிற வடிவம் ஒன்றை யாராவது வரைந்து கொடுத்தால் அந்தச் சங்கங்கள் தூக்கி வைத்துக் கொண்டாடும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை கொண்டு வந்திருக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு வெளியே போய்க் காசு கொடுத்து வாங்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன், பேராசிரியர்கள் காதில் விழ வேண்டாம். அதற்குப் பதில், பல்லடம் பக்கம் பத்து வளர்ப்போர் சேர்ந்து வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு நடமாடும் எடைமேடை செய்ய வேண்டும். லோட் செல், ஒரு சின்னப் பதிவுக் கருவி, டூவீலரில் கட்டிக்கொண்டு போகிற எடைக்குள். வாரம் ஒருமுறை நூறு கோழியை எடை போட்டுத் தேதியோடு பதிய வேண்டும். ஏழாம் நாள் எடை குறைந்திருந்தால் குஞ்சையும் அதன் பராமரிப்பையும் பார்க்கலாம். முப்பதாம் நாள் குறைந்தால் தீவனத்தையும் வெப்பத்தையும் பார்க்கலாம். உலோகம், வெல்டிங் செலவு என்னுடையது. இடம் கொடுக்க நாலு பண்ணைக்காரர்கள் சரி என்றிருக்கிறார்கள். நாலைந்து பேர் வந்தால் போதும், இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

வருகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாருங்கள். கோழி பிடிக்கிற லாரி பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும், வெயிலில் பிடித்தால் கோழி தாங்காது. அதனால் ஹாஸ்டல் வார்டனிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். இன்னொன்று, ஒரு பண்ணையில் போட்ட செருப்போடு அடுத்த பண்ணைக்குள் விட மாட்டார்கள். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் நான் மரத்தடியில்தான் இருப்பேன், பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அங்கே வாருங்கள்.